பெரணித் தோட்டத்துக்கு வந்த வெயில்

மகிழ்மாறன் ராஜாவுக்குக் கோபம் வந்தால் உத்தரவு போடுவார். சந்தோஷம் வந்தாலும் உத்தரவுதான். யோசனையெல்லாம் அப்புறம்.

ஒருநாள் அந்த உத்தரவு ராணியின் பெரணித் தோட்டத்தின் மேல் விழுந்தது.

ராணி அல்லியங்கோதை மலைநாட்டுப் பெண். பிறந்த வீட்டு அருவியோரத்தில் சீப்புப் போல இலை விரித்து மண்டிக் கிடக்கும் பெரணிச் செடியைப் பார்க்காமல் ஏங்கிப் போனாள். சபையில் வாயாடி என்று பேரெடுத்த பொதியப்பன்தான் மலையேறிப் போய், செடிகளை ஈரச் சாக்கில் சுற்றிக் கொண்டுவந்து, வடக்கு மதிலோரப் பலாமரங்களுக்கு அடியில் நட்டான். மக்கிய சருகைப் பரப்பினான். மண் காயாமல் தண்ணீர் தெளித்தான். மற்றபடி சீண்டவே இல்லை. பெரணி பச்சைப்பசேலென்று விரிந்தது. ராணிக்கு முகம் தெளிந்தது.

பூந்தோட்ட அதிகாரி வல்லபராயருக்குப் பொறுக்குமா? அவருடைய செவ்வந்தியை ராணி திரும்பிக்கூடப் பார்ப்பதில்லையே! ஒரு பெரணி இலையைப் பறித்து ராஜாவிடம் ஓடினார்.

"அடியிலே பாருங்க மகாராஜா, பழுப்புப் புள்ளி. சொறி! மரத்தையெல்லாம் வெட்டிப் போடுங்க. கூடை கூடையா சாணியைக் கொட்டுவோம். வெயில் பட்டா பூக்காததும் பூக்கும்."

பொதியப்பன் பாய்ந்தான். "யோவ் ராயரே, அது சொறி இல்லை, அதோட விதை! பெரணி பூக்காத சாதி. வெயில் பட்டா கருகிடும்."

"பூக்காமலே விதையாம்! கேட்டீங்களா?" என்று ராயர் சிரித்தார். ராஜாவும் சேர்ந்து சிரித்தார். உடனே உத்தரவும் போட்டார்.

"வெயில் எந்த உயிருக்கும் நல்லதுதான்யா. நாளைக்குச் சபை கலைஞ்சதும் மரங்களை வெட்டணும். நீயே முன்னால நின்னு வெட்டு."

விஷயம் ராணி காதுக்குப் போனது. "பெரணி கருகினா நான் அண்ணன் வீட்டுக்கே போயிடுவேன்" என்றாள்.

"பொறுங்க தாயே" என்றான் பொதியப்பன். "காலையில ஒரு மனுவோட சபைக்கு வாங்க. கடைசியா வாங்க."

அந்தச் சபை கூடுவது அரண்மனை முற்றத்துப் பந்தலில். ராஜா உட்கார்ந்துவிட்டால் கடைசி மனு தீரும்வரை எழக்கூடாது. அதிகாரிகளும் நின்ற இடத்தை விட்டு அசையக்கூடாது. அது பாட்டன் காலத்து வழக்கம். காலையில் ராஜா வந்தபோது பந்தலில் ஓலை இல்லை. புது ஓலை வேய்கிறார்கள் போல என்று உட்கார்ந்துவிட்டார். இளவெயில் இதமாகத்தான் இருந்தது.

வெயில் ஏறியது. சித்திரை வெயில்!

"குடை எங்கேய்யா?"

"நான்தான் எடுத்து வைக்கச் சொன்னேன் மகாராஜா. பந்தல் ஓலையையும் நான்தான் பிரிச்சேன். எந்த உயிருக்கும் நல்லதுன்னு சொன்னீங்களே! செடிக்குக் கிடைக்கிற நல்லது ராஜாவுக்குக் கிடைக்க வேண்டாமா?"

சொல்லிவிட்டு ஒரு கூடைச் சாணியைக் கொண்டுவந்து ராயர் காலடியில் கொட்டினான்.

"அடப்பாவி! என்ன பண்றே?"

"உரம் சாமி. அசையாதீங்க, வேர் பிடிக்கட்டும்."

ராஜாவின் தலையில் கிரீடம் கொதித்தது. "மண்டை வெடிக்குது! நிழலுக்குப் போகணும்!"

"இன்னும் ஒரே ஒரு மனு மகாராஜா."

ராணி முன்னால் வந்தாள். "பலாமரங்களை வெட்டக்கூடாது."

"வெட்டலை! ஒரு கிளையைக்கூட எவனும் தொடக்கூடாது! மனு தீர்ந்தது!" என்று கத்திக்கொண்டே ராஜா ஓடினார். முற்றத்தை ஒட்டிய நிழல் ராணியின் தோட்டம்தானே? பலாமரத்தடியில் பெரணிக்கு நடுவே, ஈர மண்ணில் தொப்பென்று உட்கார்ந்தார். ஜில்லென்று இருந்தது. மூச்சு வந்ததும் மதிலைப் பார்த்தார். கல்லிடுக்கு முழுக்கப் பொடிப்பொடியாகப் புதுப் பெரணி.

"இதை யாருய்யா நட்டது?"

"ராயர் சொன்ன சொறிதான் மகாராஜா, உதிர்ந்து முளைச்சிருக்கு" என்றான் பின்னாலேயே ஓடிவந்த பொதியப்பன்.

ராஜா கழுத்து முத்துமாலையைக் கழற்றிப் பொதியப்பனுக்குப் போட்டார். சாணிக் காலோடு வல்லபராயர் தள்ளாடி வந்து சேர்ந்தார். தலைப்பாகை வழியில் எங்கோ விழுந்திருந்தது. வழுக்கை மண்டை முழுக்கச் செக்கச்செவேலென்று வேர்க்குரு.

"வெயில் பட்டா பூக்காததும் பூக்கும்னாரே," என்றார் ராஜா, "அப்போ எல்லாமே புளுகுதானா?"

"சேச்சே, ராயர் புளுக மாட்டார் மகாராஜா" என்றான் பொதியப்பன். "அவர் மண்டையைப் பாருங்க. என்னமா பூத்திருக்கு!"