அம்மைக்கு ஊட்டியவள்

“எனக்கு எவ்வளவு சோறுன்னு நீங்களே சொல்லிடுங்கம்மா. அதுக்கு மேல ஒரு பருக்கை தொட மாட்டேன்.”

பவளம் அழுதுகொண்டே சொன்னாள்.

மடத்தின் குரு உமையாள் அம்மை வாய்க்கால் கரையில் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு நின்றார். வயது நாற்பதைத் தொடவில்லை. அவரைத் தேடித் தூரத்து ஊர்களிலிருந்து கேள்விகளோடு ஆட்கள் வருவார்கள். பாதிப் பேர் பதில் கிடைக்காமல் கொஞ்ச நேரம் வாய்க்கால் வெட்டிவிட்டுப் போவார்கள்.

“காலையில என்ன நடந்தது? நீயே சொல்லு.”

“புளிச்சோத்தைத் தின்னுட்டேன்.”

“யாருக்கு வச்சிருந்தது?”

“மலைக்கோயிலுக்குப் போறவங்களுக்கு.”

“எவ்வளவு?”

“கூடை காலியாற வரைக்கும்.”

கைக்குழந்தையோடு வந்த ஒருத்தி வெறும் மோரைக் குடித்துவிட்டு மலையேறியிருந்தாள். அதைப் பவளம் சொல்லவில்லை. அம்மையும் கேட்கவில்லை. இரண்டு பேரும் பார்த்திருந்தார்கள்.

பவளத்துக்குப் பதினைந்து வயது. போன வருஷம்தான் மடத்துக்கு வந்தாள். கூட இருந்த பெண்கள் அவளுக்குக் குதிர் என்று பெயர் வைத்திருந்தார்கள். எவ்வளவு கொட்டினாலும் கொள்ளுமாம். அந்தப் பேச்சுக்குப் பயந்து, வயிற்றைத் துணியால் இறுக்கிக் கட்டிக்கொண்டு இரண்டு நாளாகப் பட்டினி கிடந்தாள். மூன்றாம் நாள் காலையில் புளிச்சோற்று வாசனை வந்தது.

“போதும்னு வயிறு சொல்லாதா?” என்று கேட்டார் அம்மை.

“என் வயித்துக்கு வாய் இல்லம்மா. வலிச்சாத்தான் நிறுத்துவேன்.”

“வீட்டில எப்படிச் சாப்பிட்ட?”

“ஒரே பானை. ஏழு பேர். நிமிர்ந்து பாத்தா பானை காலியாயிருக்கும். அதனால நான் நிமிர மாட்டேன்.”

அம்மை மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார். பவளமும் பின்னாலேயே போனாள்.

“அளவு சொல்லுங்கம்மா.”

“சொல்ல மாட்டேன்.”

“ஏன்?”

“எனக்குத் தெரியாது.”

சமையல்கட்டு வாசலில் அம்மை நின்றார். உள்ளே செல்லாத்தா குழம்பைத் துழாவிக்கொண்டிருந்தாள். மடத்துச் சமையல் அவள் கையில்தான்.

“செல்லாத்தா, இன்னையிலேர்ந்து எனக்கு இவதான் ஊட்டுவா.”

“உங்க கைக்கு என்ன வந்துச்சு?”

“ஒண்ணும் வரல.” அம்மை பவளத்தின் பக்கம் திரும்பினார். “நான் கேக்க மாட்டேன். வேண்டாம்னும் சொல்ல மாட்டேன். நீ எப்ப நிறுத்துறியோ, அப்ப என் சாப்பாடு முடிஞ்சது.”

செல்லாத்தா அகப்பையைக் கீழே வைத்தாள்.

“நல்லாருக்கே! திருடின கையிலயே சாவியா?”

அம்மை சிரித்தார்.



மதியம் பவளம் ஊட்டினாள்.

குருவுக்கு ஊட்டுகிறோம் என்ற பரவசம் அவளுக்கு. குறை வைத்துவிடக் கூடாது என்ற பயம் வேறு. குழம்புச் சோறு, ரசச் சோறு, மோர்ச் சோறு என்று உருட்டி உருட்டிக் கொடுத்தாள். அம்மை ஒவ்வொன்றையும் வாங்கிக்கொண்டார். மென்றார். விழுங்கினார். சட்டி வழித்துத் துடைத்ததுபோல் ஆனதும்தான் பவளத்தின் கை நின்றது.

சாயங்காலம் மாட்டுக்கொட்டகைக்குப் பின்னால் அம்மை வாந்தி எடுத்தார்.

பவளம் ஓடிப்போய் அவர் நெற்றியைத் தாங்கிப் பிடித்தாள். நெற்றி சில்லென்று வேர்த்திருந்தது. உடம்பு நடுங்கியது. அந்த நடுக்கம் பவளத்துக்குப் பழக்கமானது. எத்தனையோ தடவை இதே சுவரைப் பிடித்துக்கொண்டு அவள் நின்றிருக்கிறாள். யாரும் நெற்றியைத் தாங்கியதில்லை.

“போதும்னு சொல்லியிருக்கக் கூடாதாம்மா?”

“சொன்னேனே.”

“இல்லவே இல்ல! நீங்க பேசவே இல்ல!”

அம்மை வாயைத் துடைத்துக்கொண்டார்.

“வாயாலயா சொல்லுவாங்க?”



மறுநாள் பவளம் பயந்து போயிருந்தாள். நாலைந்து கவளத்திலேயே நிறுத்திவிட்டாள். அம்மை எழுந்து கை கால் கழுவிக்கொண்டு வாய்க்காலுக்குப் போனார்.

வெயில் சாய்வதற்குள் மண்வெட்டி இரண்டு தரம் அவர் கையிலிருந்து நழுவியது. குடிதண்ணீர் கொண்டுவந்து வைத்த செல்லாத்தாவை, குடத்தை ஏன் வழியில் வைத்தாய் என்று அதட்டினார். உமையாள் அம்மை அதட்டி அந்த மடத்தில் யாரும் கேட்டதில்லை. செல்லாத்தாவின் முகம் சுண்டிப் போனது.

பவளம் சமையல்கட்டுக்கு ஓடினாள். ஒரு செம்பு கஞ்சியோடு திரும்பி வந்தாள். அம்மையின் வாயருகே பிடித்தாள்.

கஞ்சி இறங்க இறங்க அம்மையின் சுருங்கிய புருவம் அவிழ்வதை அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

குடித்து முடித்ததும் அம்மை செல்லாத்தாவிடம் போனார்.

“பசியில கத்திட்டேன். மனசுல வச்சுக்காத.”

“வயித்தை இந்தக் குட்டிகிட்ட கொடுத்தா இப்படித்தான்,” என்றாள் செல்லாத்தா. ஆனால் முகம் தெளிந்துவிட்டது.



அதற்குப் பிறகு பவளம் சோற்றைப் பார்ப்பதை விட்டுவிட்டு அம்மையைப் பார்க்க ஆரம்பித்தாள்.

முதல் கவளங்களுக்கு உதடு முன்னால் வந்து கையைச் சந்தித்தது. பிறகு உதடு இருந்த இடத்திலேயே காத்திருந்தது. முதலில் அம்மையின் கண் அவள் விரல்களோடு கூடவே போய் வந்தது. பிறகு வேப்பமரத்துக் காக்கையிடம் போனது. மெல்லுவது நிதானமானது. அப்புறம் ஒரு மூச்சு. நீளமான மூச்சு. அதோடு தோள் இரண்டும் இறங்கின.

பவளம் கையை எடுத்தாள்.

சட்டியில் இன்னும் சோறு இருந்தது.

அம்மை எழுந்து போய் வாய் கொப்பளித்தார். அன்று சாயங்காலம் வழக்கம்போல் மண் வெட்டினார்.

“இன்னைக்குச் சரியா நிறுத்தினேனாம்மா?”

“நீதான் சொல்லணும்.”

“அப்ப நாளைக்கும் இதே அளவு கொடுக்கட்டுமா?”

“நாளைக்கு யார் கண்டா?”

மறுநாள் மழை. வேலை இல்லை. பாதிச் சட்டியிலேயே அந்த மூச்சு வந்துவிட்டது. கரை உடைந்து, பகலெல்லாம் மண் சுமந்து அடைத்த நாளில், இரண்டாவது தடவை சோறு வடித்த பிறகும் உதடு முன்னால் வந்துகொண்டே இருந்தது. பவளம் சிரித்துக்கொண்டே ஊட்டினாள்.

ஆனால் அம்மைக்கு ஊட்டி முடித்துவிட்டுத் தன் இலைக்கு முன்னால் உட்கார்ந்ததும் அவள் தலை குனிந்துவிடும். கை ஓடும். வலிக்கும்போதுதான் நிற்கும்.

ஒரு நாள் பாதியில் கையை உதறிவிட்டு எழுந்து வந்தாள்.

“உங்களுக்குத் தெரியுது. எனக்குத் தெரிய மாட்டேங்குது.”

“ஏன்?”

“உங்க முகம் எனக்குத் தெரியுது. என் முகத்தை நான் எங்க போய்ப் பாக்குறது?”

அம்மை செல்லாத்தாவைக் கூப்பிட்டார்.

“நாளைக்குப் புளிச்சோறு செய்.”



மறுநாள் மதியம் அம்மை பவளத்தை எதிரில் உட்கார வைத்தார். நடுவில் புளிச்சோறு. மேலே வறுத்த கடலையும் நல்லெண்ணெய் மினுக்கமும்.

“இன்னைக்கு நான் ஊட்டுறேன்.”

“எனக்கா?”

“வாயைத் திற.”

முதல் கவளம் உள்ளே போனது. பவளம் அதை வழக்கம்போல் விழுங்கப் பார்த்தாள். அடுத்த கவளம் இன்னும் வரவில்லை. அம்மை நிதானமாக உருட்டிக்கொண்டிருந்தார். வேறு வழியில்லாமல் மென்றாள். புளிப்பு தெரிந்தது. அதற்குப் பின்னால் வெல்லம் ஒரு துளி. இத்தனை நாளில் செல்லாத்தா வெல்லம் போடுவாள் என்றே அவளுக்குத் தெரியாது.

மூன்றாவது கவளத்தில் அவளுக்கு அழுகை வந்துவிட்டது.

“காரமா?”

“இல்லம்மா. எனக்கு யாரும் ஊட்டினதில்ல.”

அம்மை அடுத்ததை உருட்டினார்.

அழுதபடியே சாப்பிட்டாள். பிறகு அழாமல் சாப்பிட்டாள். தலை நிமிர்ந்திருந்தது. குனிந்தால் ஊட்டும் கை எட்டாது. எதிரே அம்மையின் முகம். அதற்குப் பின்னால் வாசல். வாசலில் வெயில். வெயிலில் ஒரு கன்றுக்குட்டி தன் நிழலை முட்டிக்கொண்டிருந்தது. அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

எங்கிருந்தோ ஒரு மூச்சு வந்தது. நீளமாக.

அம்மையா என்று பார்த்தாள். அம்மையின் மூச்சு இல்லை. அவளுடையதுதான்.

அடுத்த கவளம் வாயருகே வந்து நின்றது. நல்லெண்ணெய் வாசனை. வறுத்த கடலை ஒன்று அதன் மேல் ஒட்டிக்கொண்டிருந்தது.

பவளம் அதைப் பார்த்தாள். கை பழைய அவசரத்தோடு துடித்தது.

“இது நாளைக்கு இருக்குமாம்மா?”

“தெரியாது.”

அம்மை கையை எடுக்கவில்லை. முன்னாலும் நீட்டவில்லை. சமையல்கட்டில் செல்லாத்தா பாத்திரம் தேய்ப்பதைக்கூட நிறுத்திவிட்டாள்.

பவளம் கவளத்திலிருந்து கண்ணை எடுத்து, அதைப் பிடித்திருந்த விரல்களைப் பார்த்தாள். விரல்கள் லேசாக நடுங்கின. அம்மையின் புருவம் கொஞ்சம் சுருங்கியிருந்தது. உதடு தானறியாமல் முன்னால் வந்திருந்தது.

அவள் அந்தக் கையை மெல்லப் பிடித்தாள். அம்மையின் வாய்ப்பக்கமாகவே திருப்பினாள்.

“நீங்க இன்னும் சாப்பிடலம்மா.”

உமையாள் அம்மை வாயைத் திறந்தார்.