இரண்டு மொழியில் துக்கம் விசாரித்த மைனா

குளக்கரை நாவல் மரத்தில் ஒரு மைனா இருந்தது. முன்பு அது மலைமேல் ஒரு பங்களாவில் கூண்டுப் பறவை. அங்கே ஓர் ஆங்கிலேயரும் ஒரு ஜெர்மன்காரரும் தினமும் சீட்டாடுவார்கள். ஜெர்மன்காரர் தோற்றால் ஆங்கிலேயர், "செர்வ்ஸ் யூ ரைட்" என்பார். ஆங்கிலேயர் தோற்றால் ஜெர்மன்காரர், "ஏட்ச்" என்பார். இரண்டுக்கும் பொருள் ஒன்றுதான்: உனக்கு நல்லா வேணும். அடுத்தவன் விழுந்தால் வரும் இந்த மகிழ்ச்சிக்கு ஜெர்மனில் 'ஷாடன்ஃப்ராய்ட' என்று தனிப் பெயரே உண்டு. பங்களாவிலிருந்து மைனா கொண்டுவந்த படிப்பு இவ்வளவுதான்.

குளக்கரையில் யாருக்குத் துன்பம் வந்தாலும் மற்றவர்கள் போய்த் துக்கம் விசாரிப்பது வழக்கம். மைனாவும் போகும். அணிலின் கூடு காற்றில் விழுந்தபோது முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு, "செர்வ்ஸ் யூ ரைட்" என்றது. தவளைக்குக் கால் சுளுக்கியபோது, "ஏட்ச்" என்றது. உள்ளுக்குள் சிரிப்புத் தாங்கவில்லை. அவையோ கண்கலங்கி நன்றி சொல்லின. சீமையில் இப்படித்தான் ஆறுதல் சொல்வார்களாம் என்று அணில் ஊரெல்லாம் பெருமை பேசியது. புரியாத மொழி என்றால் நம் சனங்களுக்கு அப்படியொரு பணிவு.

ஒருநாள் வேடன் வைத்த கண்ணியில் மைனாவின் கால் மாட்டிக்கொண்டது. அது கத்திய கத்தலில் குளக்கரையே திரண்டது. தூரத்தில் வேடன் வந்துகொண்டிருந்தான்.

அணில் தொண்டையைச் செருமிக்கொண்டு, "செர்வ்ஸ் யூ ரைட், அக்கா" என்றது.

"ஏட்ச்" என்றது தவளை, மிகுந்த துக்கத்தோடு.

"அதை விடுங்க. கயிற்றைக் கடிங்க!"

"இருங்க அக்கா, முறைன்னு ஒண்ணு இருக்கு. எல்லாரும் விசாரிச்சு முடிக்கணும். ஆமை வேற இன்னும் வந்து சேரலை" என்றது அணில்.

வேடனின் செருப்புச் சத்தம் கேட்டது. மைனாவுக்கு வேறு வழியில்லை.

"அது ஆறுதல் இல்லை. உனக்கு நல்லா வேணும்னு அர்த்தம். இத்தனை நாளா உங்களைப் பார்த்துச் சிரிச்சேன்."

அணில் மைனாவையே பார்த்தது. பிறகு குனிந்து கயிற்றைக் கடித்து அறுத்தது. மைனா கிளையில் போய் உட்காரும்வரை பொறுத்திருந்து, "உனக்கு நல்லா வேணும்" என்றது, பச்சைத் தமிழில். இம்முறை 'அக்கா' என்ற சொல் சேரவில்லை. மைனா தலையைத் தொங்கப் போட்டது, நிஜமாகவே.

எல்லோரும் ஓடி ஒளிந்தபின் வேடன் வந்து, அறுந்த கயிற்றைப் பார்த்து விழித்து நின்றான். அப்போதுதான் ஆமை தண்ணீருக்கு மேலே தலையை நீட்டியது. யாரோ துக்கத்தில் இருப்பது மட்டும் அதற்குத் தெரிந்தது.

"ஏட்ச்" என்று பரிவோடு சொல்லிவிட்டு உள்ளே முங்கியது.

அடுத்தவர் விழும்போது சிரிப்பவர், தாம் விழும் நாளில் கைகொடுக்க வந்தவரிடமே அந்தச் சிரிப்புக்குப் பொருள் சொல்ல வேண்டி வரும்.