காலி இருக்கையின் பெல்ட்

கார் ஓட்டுவதற்குக்கூட குரு உண்டா என்று கேட்கிறவர்கள் கோயம்புத்தூர்ப் பக்கம் எட்டிப் பார்த்ததில்லை என்று அர்த்தம். அங்கே மங்கையர்க்கரசி என்று ஒருத்தி இருந்தாள். வயது முப்பதைத் தாண்டி ஒன்றிரண்டு இருக்கும். ரேஸில் ஓட்டி, ஜெயித்து, ஒருநாள் போதும் என்று இறங்கிவிட்டவள். தலை நரைத்த ஓட்டுநர்கள்கூட அவள் முன்னால் வாயைத் திறக்க மாட்டார்கள்.

அவளிடம் போய் நின்ற சீடருக்கு வயது ஐம்பது. பெயர் பொன்னுரங்கம். நூல் மில்லில் மேற்பார்வை வேலை. அதுவரை அவர் ஓட்டியதெல்லாம் மொபெட்டும் குடும்பத்துக் காரும்தான். இந்த ஸ்போர்ட்ஸ் கார் தம்பி குலசேகரனுடையது. தம்பி ஓட்டுவான், அண்ணன் பக்கத்தில் கண்ணை இறுக மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். போன வருஷம் ஒரு காய்ச்சல் வந்து தம்பியைக் கொண்டுபோய்விட்டது. கார் அண்ணனிடம் வந்தது.

வந்த நாளிலிருந்து ஒரு தொல்லை. நின்ற இடத்திலிருந்து வேகமாகக் கிளப்பினால் பின்சக்கரம் ரோட்டைப் பிடிக்கும், வழுக்கும், மறுபடி பிடிக்கும். காரின் பின்பக்கம் தடதடவென்று குதிக்கும். இரண்டு தடவை சக்கரத்து அச்சே முறிந்துவிட்டது. இரண்டாவது தடவை கார் பம்பரமாகச் சுற்றி, சுவரில் மோதாமல் மயிரிழையில் நின்றது. அன்றைக்கு அவர் மனைவி பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. “இன்னும் ஒரே ஒருக்கா. அப்பவும் குதிச்சா காரை வித்துப்போடறேன்” என்று அவளுக்குச் சத்தியம் செய்துகொடுத்துவிட்டுத்தான் அவர் குருவைத் தேடி வந்தார்.

யுத்த காலத்தில் வெள்ளைக்காரன் போட்டுவிட்டுப் போன விமான ஓடுபாதை ஒன்று ஊருக்கு வெளியே சும்மா கிடந்தது. அங்கே வரச் சொன்னாள். மேகம் மூடிய மதியம். காற்று பொட்டுக்கூட இல்லை. புதருக்குள் ஒரு மயில் அகவிக்கொண்டிருந்தது. கார் வந்து நின்றதும் அதுவும் வாயை மூடிக்கொண்டது.

குரு காரை ஒரு சுற்று சுற்றி வந்தாள். டயரைப் பார்ப்பாள் என்று நினைத்தார். அவள் கண்ணாடி வழியாக உள்ளே பார்த்தாள். ஓட்டுகிறவருக்குப் பக்கத்து இருக்கை காலி. அதன் குறுக்கே பெல்ட் இறுக்கமாகப் போட்டிருந்தது.

“இது ஏனுங்ணா?”

“போடலைன்னா கத்துதுங்க அம்மணி. ஆள் உக்காந்து பெல்ட் போடாட்டி மணி அடிக்குமில்லீங்க, அந்த மாதிரி.”

“ஆளே இல்லையே.”

பொன்னுரங்கம் வேறு பக்கம் பார்த்தார். “ஆள் உக்காந்தாக் கண்டுபிடிக்கச் சீட்டுக்கடியில இருக்கற சாமானை மாத்திப் பாத்துட்டனுங்க. புதுசும் கத்துது.”

குரு மேலே கேட்கவில்லை. தன் வேனிலிருந்து ஒரு கயிற்றை எடுத்தாள். ஒரு முனையை அவர் கையில் கொடுத்தாள். மறுமுனையைத் தான் வைத்துக்கொண்டாள். நடுவில் கயிறு தொங்கியது. வெடுக்கென்று இழுத்தாள். அவர் தடுமாறி நாலு எட்டு குதித்தார்.

அடுத்த தடவை தொய்வை மெதுவாக இழுத்துக்கொண்டாள். கயிறு விறைப்பானதும் ஒரு மூச்சு நின்றாள். பிறகு நடந்தாள். அவர் தன்னையறியாமல் அவள் பின்னாலேயே போனார்.

“கிளட்சும் இப்படித்தானுங்க. மொதல்ல தொய்வை எடுத்துரோணும். வண்டி பின்னால குந்தறது உங்க முதுகுக்குத் தெரியும். அப்புறம் ஆக்ஸிலரேட்டரை மிதிங்க. அதையும் மீறித் தடதடன்னா காலை எடுத்துருங்க.”

சொல்லிவிட்டு அவளே ஏறினாள். காலி இருக்கையின் பெல்ட்டை அவள் தொடவில்லை. கார் பின்னால் லேசாகக் குந்தியது, கிளம்பியது, போயே போய்விட்டது. ஒரு குதி இல்லை.

“குதிக்கலீங்களே” என்றார் பொன்னுரங்கம், அவள் திரும்பி வந்து இறங்கியதும். சந்தோஷப்பட வேண்டிய மனுஷன், குரல் உள்ளே போய்விட்டிருந்தது.

“காருக்கு ஒண்ணுமில்லீங்ணா. உங்க தம்பியும் பேசாமத்தான் வந்தாரு.”

தம்பியைப் பற்றி அவளிடம் அவர் ஒரு வார்த்தை சொல்லியிருக்கவில்லை. ஊரில் யாராவது சொல்லியிருப்பார்கள் என்று மனசைத் தேற்றிக்கொண்டு ஓட்டுகிற இருக்கையில் உட்கார்ந்தார்.

சொன்னதைச் சொன்னபடி செய்தார். தொய்வை எடுத்தார். கார் குந்தியது. மிதித்தார். பின்னால் தட், தட் என்று மெல்ல ஆரம்பித்தது. உடனே காலை எடுத்திருக்க வேண்டும். கால் இன்னும் அழுந்தியது. தடதடதடவென்று கார் முழுக்க அதிர, குரு ஓடிவந்து கையை வீசி நிறுத்தினாள். ரப்பர் கருகும் நாற்றம் அடித்தது.

“தட்டற சத்தம் வந்தா எல்லாருக்கும் கால் தானா மேல வரும். உங்களுக்கு மட்டும் கீழ போகுது. ஏனுங்ணா?”

அவர் ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே சொன்னார்.

“சின்ன வயசுல நான் கதவைச் சாத்திட்டுப் படிப்பனுங்க. அவன் வெளிய நின்னு இப்படித்தான் தட்டுவான். தொறக்கற வரைக்கும் விட மாட்டான்.” அவர் கண்ணில் நீர் கட்டிக்கொண்டது. “இதையும் நிறுத்திட்டா அவன் சத்தமே இல்லாமப் போயிருமுங்க.”

“நிறுத்தத்தான வந்தீங்க?”

“நிறுத்தலைன்னா காரே போயிருமுங்களே அம்மணி. நான் என்ன பண்ணட்டும்?”

குரு மறுபக்கம் போய்க் கதவைத் திறந்தாள். பெல்ட்டைக் கழற்றினாள்.

டிங், டிங், டிங் என்று மணி அடித்தது. இருக்கையில் யாரும் இல்லை. பொன்னுரங்கம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அவள் குனிந்து, காலி இருக்கையைப் பார்த்துப் பேசினாள்.

“தம்பி, கொஞ்சம் எறங்கிக்கறீங்களா? அண்ணன் ஓட்டட்டும். நீங்க என்கூட நின்னு பாருங்க.”

கதவைப் பிடித்துக்கொண்டு, ஆள் இறங்க வழி விடுவதுபோல ஒதுங்கி நின்றாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. இருக்கையின் தோல் ஒருமுறை முனகியது. மணி நின்றுவிட்டது.

யாருடைய விரலும் மாட்டிக்கொள்ளக் கூடாது என்கிற மாதிரி பார்த்துப் பார்த்துக் கதவைச் சாத்தினாள். “இப்பப் போங்ணா.”

அவர் தொய்வை எடுத்தார். கார் குந்தியது. மிதித்தார். பின்னால் லேசாக ஒரு நடுக்கம் வந்தது. கால் தானாக மேலே வந்து, மறுபடி மெதுவாக இறங்கியது. கார் கிளம்பிவிட்டது. ஓடுபாதையின் கடைசிவரை ஒரு தட்டுகூடக் கேட்கவில்லை. அவர் வாய்விட்டு அழுதுகொண்டே ஓட்டினார்.

திரும்பி வரும்போது தூறல் பிடித்துக்கொண்டது. குரு குடை பிடித்துக்கொண்டு நின்ற இடத்திலேயே நின்றாள். குடை பாதிதான் அவள் தலைக்குமேல் இருந்தது. மீதிப் பாதியின் கீழே யாரும் இல்லை. அவளுடைய வலது தோள் தொப்பலாக நனைந்திருந்தது.

பொன்னுரங்கம் காரைவிட்டு இறங்கினார். குடையைப் பார்த்தார். எட்ட நின்றபடியே கேட்டார்.

“அம்மணி, ஒரு வருசமா என்கூடவே இருந்தவனுங்க. உங்களை அவனுக்கு முன்னப்பின்னத் தெரியாது. நீங்க ஒரு வார்த்தை சொன்னதும் எப்படி எறங்கினான்?”

குரு குடையை மடக்கவில்லை.

“நான் கேட்டனுங்க. பெல்ட்டைப் போட்டு இறுக்கி வெச்சீங்களே, எறங்கிக்கறியா கண்ணுன்னு நீங்க ஒருக்காவாச்சும் கேட்டீங்களா?”