சுருட்டாத வலை

"டீச்சர், நேத்து இருட்டினப்புறம் கதவை எதுவோ பிராண்டுச்சு. பார்த்தா நரி. தலை உள்ளே, உடம்பு வெளியே. நாய்னு நினைச்சு சீ போன்னேன். கொட்டாவி விடுது! பாப்பா கதவோரம் தூங்குறா."

"தாழ்ப்பாள்?"

"போடலை."

ரஹ்மத் டீச்சர் ஏனென்று பிரிஜித்தாவைக் கேட்கவில்லை. கோடியக்கரைக்கே தெரியும். ஐப்பசியில் கடலுக்குப் போன அவள் புருஷன் சூசை திரும்பவில்லை. படகு மட்டும் ஒதுங்கியது.

விடியுமுன் வீடு வருகிறவன் அவன். பாப்பா முழித்துக்கொள்வாள் என்று தட்டமாட்டான். கதவைத் தள்ளிக்கொண்டு வருவான்.

"போட்டா அவரு வெளியே நிக்கணும். போடலைன்னா பிள்ளைக்குப் பயம். நான் என்ன செய்ய?" என்றாள் பிரிஜித்தா.

"வா, வலையைப் பார்ப்போம்."

பங்குனி மாதம். பனிக்காலத்துக்கு வந்த பறவைகள் வடக்கே திரும்பும் நேரம். வலையில் பிடித்து, காலில் எண் பொறித்த வளையம் மாட்டி, பறக்கவிடுவது டீச்சர் வேலை. பிரிஜித்தா அவரிடம் அதைக் கற்றுக்கொண்டிருந்தாள்.

காட்டுக்குள் ஒரு வலை விரிந்தே கிடந்தது. அதில் ஓர் ஆறுமணிக்குருவி. அடிவயிற்றுச் சிவப்பில் எறும்பு ஊர்ந்தது.

"சாயங்காலம் சுருட்டச் சொன்னேனே?"

"போன வருஷம் நீங்க வளையம் போட்ட குருவி இன்னும் வரலை, வரலைன்னு சொல்லிட்டே இருந்தீங்க. அதுங்க ராத்திரியிலதானே பறக்கும். வந்தா வரட்டும்னு விட்டுட்டேன்."

டீச்சர் செத்த குருவியின் கால்களைப் பார்த்தார். வளையம் இல்லை.

அதை எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தார்.

"இதுக்கா காத்திருந்தோம்?"

பிரிஜித்தா எறும்பை ஊதித் தள்ளினாள். கையில் கனமே இல்லை.

டீச்சர் வலையைச் சுருட்ட ஆரம்பித்தார்.

"உங்க குருவி இனிமே வராதா டீச்சர்?"

"தெரியலை."

"தெரியாமலேயா சுருட்டுறீங்க?"

டீச்சர் கயிற்றை இழுத்து முடிச்சுப் போட்டார்.

"தெரியாமத்தான்."

அன்று விளக்கு வைத்த பிறகு பிரிஜித்தா பாப்பாவைத் தூங்கவைத்தாள். கதவருகே வந்தாள். வெளியே அலைச் சத்தம் மட்டும் கேட்டது.

தாழ்ப்பாளில் கை வைத்தாள்.

"தட்டுங்க," என்றாள் கதவைப் பார்த்து. "பாப்பா முழிச்சாலும் பரவாயில்லை. தட்டுங்க."

தாழ்ப்பாளைப் போட்டாள்.