நீலக்கல் தொங்கட்டான்

ஜமீன்தார் பூவலிங்கத்தின் வண்டிக்காளை ஒருநாள் நொண்டியது. பழி, புது மருமகள் அலமேலுவின் காதில் ஆடிய நீலக்கல் தொங்கட்டான் மேல் விழுந்தது.

"இந்த வீட்டுக்கு நீலம் ஆகாது. கழற்றிக் கிணத்துல போடு" என்றார்.

செத்துப்போன அம்மா அலமேலுவுக்கு விட்டுச் சென்றது அது ஒன்றுதான். அவள் இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டாள். வீட்டுவேலை பார்க்கும் மயிலாயிக்கு மனசு கேட்கவில்லை.

"எசமான், நீலத்தைத் துணியில முடிஞ்சு மூணு நாள் தலைமாட்டுல வச்சுப் பார்க்கறதுதானே வழக்கம்? கெட்ட கனவு வந்தா நானே கிணத்துல போடறேன்" என்று தொங்கட்டானை வாங்கிக்கொண்டு உள்ளே போனவள், ஒரு துணி முடிச்சைக் கொண்டுவந்து அவரிடம் கொடுத்தாள்.

நாலாம் நாள் காலை ஜமீன்தார் ஊரையே கூட்டிவிட்டார். "மூணு நாளும் பாம்பு துரத்துச்சு. நேத்து யானை வேற. பொல்லாத கல்லு."

மயிலாயி எல்லார் முன்னாலும் முடிச்சை அவிழ்த்தாள். உள்ளே இரண்டு புளியங்கொட்டை.

"கல்லு சின்னம்மா தலைமாட்டுல இருந்துச்சு, எசமான். கனவுல அவங்க அம்மா வந்து தலை வாரி விட்டாங்களாம்."

கூட்டத்தில் யாரோ கனைத்தார்கள். ஜமீன்தார் புளியங்கொட்டைகளை எடுத்துத் தூர எறிந்தார். பிறகு மருமகள் பக்கம் திரும்பாமலே சொன்னார்:

"காது மூளியா இருக்கு. போட்டுக்கம்மா."