பழைய துளைகள் நான்கு

இந்தக் கதையில் குருவுக்கு வயது முப்பத்தாறு, சீடருக்கு ஐம்பத்தொன்பது. குருவின் வெள்ளைத் தாடியைத் தேடுகிறவர்கள் இப்போதே எழுந்து போய்விடலாம். குரு ஒரு பெண்.

பெயர் ஜெசிந்தா. பாளையங்கோட்டையில் மார்க்கெட்டுக்குப் பின்னால், பஞ்சர் கடைக்கும் மாவு மில்லுக்கும் நடுவில், கிட்டார் பழுது பார்க்கும் பட்டறை வைத்திருந்தாள். மில் ஓடும்போது பட்டறைச் சுவரே அதிரும். அந்த நேரத்தில் அவள் எதற்கும் சுருதி சேர்க்க மாட்டாள், யாரோடும் பேச மாட்டாள். அரம் பிடிப்பாள், அல்லது சும்மா உட்கார்ந்திருப்பாள்.

சீடர் ஆசீர்வாதம். ஒரு பஸ் கம்பெனியின் ஷெட்டில் முப்பத்திரண்டு வருஷம் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ஞாயிறுதோறும் சர்ச் பாடகர் குழுவில் பேஸ் கிட்டார் வாசிப்பார். பேஸ் கிட்டாருக்கு நாலே கம்பி. பாட்டுக்கு அடியில் கிடந்து பாட்டைச் சுமக்கிற வேலை அதற்கு. வாசிக்கும்போது யார் காதிலும் விழாது, நின்றுபோனால்தான் என்னமோ குறைகிறதே என்று திரும்பிப் பார்ப்பார்கள். ஆசீர்வாதமும் ஏறக்குறைய அப்படிப்பட்ட ஆள்தான்.

அவர் அவளை மாஸ்டர் என்று கூப்பிட்டார். முதல் நாள் சிரித்தாள், பிறகு பழகிவிட்டது. அவள் அவரை அண்ணாச்சி என்றாள்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் அவர் சாக்கு மூட்டை ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்து அவள் மேஜை மேல் ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். இருபத்தைந்து வருஷம் வாசித்த தன்னுடைய பேஸின் உடல் பாகம். அதன் ஒடிந்துபோன நெக், அதாவது விரல் வைத்து வாசிக்கிற கழுத்துக் கட்டை, இரண்டு துண்டாக. மழை வெள்ளத்தில் உடல் ஊறிப்போன வேறொரு பேஸிலிருந்து கழற்றிய நெக். சுருதி திருகும் கீ நாலு, அதில் இரண்டு தங்க நிறம், இரண்டு வெள்ளி நிறம். பேப்பரில் சுற்றிய ஒரு பிக்கப், கம்பியின் அதிர்வை ஆம்ப்ளிஃபயருக்கு அனுப்புகிற துண்டு, வயர் அறுந்தது.

"ஒவ்வொண்ணும் ஒவ்வொரு கிட்டாரோடது மாஸ்டர். ஒண்ணாச் சேருமா?"

"பஸ்ல என்ன செய்வீங்க?"

"ஓடாத வண்டியில கழத்தி ஓடுற வண்டியில மாட்டுவோம்."

"ஓடுமா?"

"ஓடும்."

"அப்ப மாட்டுங்க. நான் பாத்துக்கிட்டு இருக்கேன்."

அவர் சீடராகச் சேர்ந்தது இவ்வளவுதான். தட்சிணை கிடையாது, தீட்சை கிடையாது. ஒரு ஸ்டூலைக் காலால் தள்ளிவிட்டாள், அவர் உட்கார்ந்தார்.

உட்கார்ந்ததும் ஒன்று சொன்னார். வெள்ளிக்கிழமைக்குள் முடிந்தாக வேண்டும், ஞாயிற்றுக்கிழமை ஒரு முக்கியமான காரியம் இருக்கிறது. என்ன காரியம் என்று அவள் கேட்கவில்லை.

முடித்துவிடுவார் என்றுதான் தோன்றியது. மனிதருக்குக் கை அப்படி. கீ நாலையும் மண்ணெண்ணெயில் ஊறப்போட்டுத் துரு எடுத்தார். தங்கத்தையும் வெள்ளியையும் மாற்றி மாற்றிப் பொருத்தினார், பார்க்க அதுவும் ஒரு டிசைன் மாதிரியே இருந்தது. பிக்கப்புக்கு வயர் இழுத்துப் பற்றவைத்தார். வந்த நெக் பழைய நெக்கைவிட நீளம். அவர் அதைக் கவனிக்காமல் இல்லை. நீளம் தலைப்பக்கம்தானே, போகட்டும் என்று விட்டுவிட்டார். ஏனென்றால் அதன் அடிப்பாகம், பழைய நெக் இருந்த குழியில் அளவெடுத்துச் செய்தது போலப் போய் உட்கார்ந்தது.

அப்புறம் பிரிட்ஜ். பழைய பேஸிலிருந்தே கழற்றி வைத்திருந்தது, கம்பிகளின் கீழ்முனையைத் தாங்குகிற இரும்புத் தகடு. உடலில் அதற்கான நாலு துளைகள் தயாராக இருந்தன. நாலு ஸ்க்ரூவும் வழுக்கிக்கொண்டு இறங்கின. ஆசீர்வாதத்துக்கு அதில் ஒரு பரம திருப்தி. ஷெட்டில் அவர் எல்லாருக்கும் படித்துப் படித்துச் சொன்ன ஒரே பாடம், சேசிஸில், வண்டியின் அடிச்சட்டத்தில், புதுத் துளை போடாதே, இருக்கிற துளையில் மாட்டு என்பதுதான். துளை போட்டால் சேசிஸ் பலம் குறையும். இதற்காக அவரிடம் திட்டு வாங்காத மெக்கானிக் அந்த ஷெட்டில் கிடையாது.

ஜெசிந்தா பிரிட்ஜையும் பார்த்தாள், அவர் முகத்தையும் பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை. அவர் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டார்.

புதன்கிழமை மத்தியானம் கம்பி மாட்டி ஆம்ப்ளிஃபயரில் செருகினார். விரல் வைக்காமல் நாலு கம்பியையும் ஒவ்வொன்றாகச் சுண்டினார். நாலும் சுத்தம். அந்தத் தடித்த சத்தம் கேட்டதும் அவருக்குக் கண் கலங்கிவிட்டது. கலங்கத்தான் செய்யும், ஒரு மாதமாக அதைக் கேட்காமல் இருந்தவர்.

பிறகு நெக்கில் குறுக்குக் கோடுகளுக்கு இடையே உள்ள கட்டங்களில் விரல் வைத்தார். மூன்றாம் கட்டத்தில் லேசாக ஒரு உறுத்தல். ஐந்தாம் கட்டத்தில் சந்தேகமே இல்லை. மேலே ஏற ஏறச் சுருதி கூடிக்கொண்டே போய், பன்னிரண்டாம் கட்டத்தில் விரல் வைத்தபோது பஞ்சர் கடைக்காரர் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். பாட்டு தெரியாத மனுஷர் அவர்.

ஆசீர்வாதம் கீயைத் திருகினார், அழுத்தினார், தளர்த்தினார். கம்பியை மாற்றி மாட்டினார். விரல் வைக்காதபோது சரியாக இருப்பது விரல் வைத்ததும் கெட்டது.

"நெக் சரியில்ல மாஸ்டர்."

"ம்."

"வேற நெக் பாக்கணும்."

"எது சரியா வரும்?"

"பழைய நெக்குதான் இதுக்குச் சரி. வேற எது வந்தாலும் இப்படித்தான் இருக்கும்."

"அதுதான் ஒடிஞ்சு போச்சே. எப்படி ஒடிஞ்சது?"

ஆசீர்வாதம் ஒடிந்த நெக்கின் இரண்டு துண்டையும் எடுத்துப் பொருத்திப் பார்த்தார். பிறகு சொன்னார்.

அவர் மனைவி ஞானப்பூ இறந்து ஐந்து வருஷம் ஆகிறது. போன வருஷம் சொந்தக்காரர்கள் சொல்லிச் சொல்லி, நாசரேத் ஊரில் சலோமி என்பவளை இரண்டாவதாகக் கட்டினார். நாற்பத்தெட்டு வயது வரை கல்யாணம் செய்துகொள்ளாமல் மதுரையில் ஹாஸ்டல் வார்டனாக இருந்தவள் அவள். நல்ல மனுஷி. காலையில் காப்பி ஆற்றிக்கொண்டே பேப்பரை உரக்க வாசிப்பாள், யாருக்கும் இல்லை, தனக்குத்தான். எட்டு மாதம் ஓடியது. போன மாதம் ஒரு நாள், வீடு கூட்டும்போது ஜன்னல் மூலையில் நின்ற பேஸ் கிட்டாரை எடுத்துச் சுவரோரம் சாய்த்தாள். அது சரிந்து விழுந்து கழுத்து ஒடிந்துவிட்டது.

அவர் திட்டவில்லை. கை ஓங்கவில்லை. ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னார், அதுவும் மெதுவாக. "ஞானப்பூ இருந்திருந்தா இது வச்ச எடத்துலயே இருந்திருக்கும்."

மறுநாள் காலையில் சலோமி பெட்டியை எடுத்துக்கொண்டு நாசரேத்தில் இருக்கிற தம்பி வீட்டுக்குப் போய்விட்டாள்.

இப்போது தம்பி போன் செய்திருந்தான். மதுரை ஹாஸ்டலில் அக்காவைத் திரும்பக் கூப்பிடுகிறார்கள், திங்கட்கிழமை சேர வேண்டும். கூட்டிக்கொண்டு போவதாக இருந்தால் ஞாயிற்றுக்கிழமைக்குள் வாருங்கள் அத்தான், அதற்கு மேல் நான் அக்காவைத் தடுக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டான்.

ஆசீர்வாதத்தின் திட்டம் எளிமையானது. கிட்டாரைச் சரி செய்து அதே ஜன்னல் மூலையில் நிறுத்துவது. ஞாயிற்றுக்கிழமை நாசரேத்துக்குப் போய், பார், ஒன்றும் கெட்டுப்போகவில்லை, எல்லாம் பழையபடி இருக்கிறது, வா என்று சொல்வது. இதைவிட அன்பான வார்த்தை இருக்க முடியாது என்று அவர் மெய்யாகவே நம்பினார். அவள் போனதிலிருந்து அந்தப் பேப்பர் வாசிக்கிற குரல் இல்லாமல் அவருக்குக் காப்பி இறங்கவில்லை. ஆனால் அதைச் சொல்ல வேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை.

ஜெசிந்தா எல்லாவற்றையும் கேட்டாள்.

"மைனி பெட்டிய எடுத்துக்கிட்டுப் போனாங்கன்னு சொன்னீங்களே. அது எங்க இருந்துச்சு?"

"கட்டிலுக்கு அடியில."

"துணிமணி?"

"எல்லாம் அதுலதான் வச்சிருந்தா."

"எட்டு மாசமுமா?"

"பீரோவுல எடமில்ல மாஸ்டர். ஞானப்பூ சாமான் இருக்குல்லா."

அவர் அதைச் சாதாரணமாகச் சொன்னார். சொல்லி முடிக்கும்போது மாவு மில் ஓடத் தொடங்கியது.

மிளகாய் அரைக்கிற நாள் அது. சீக்கிரம் நிற்கவில்லை. ஜெசிந்தா அரத்தைக்கூட எடுக்காமல் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவரும் அந்த இரைச்சலுக்குள் தான் கடைசியாகச் சொன்ன வார்த்தையோடு உட்கார்ந்திருந்தார். வேறு வேலை இல்லாததால் அந்த வார்த்தையையே திரும்பத் திரும்பப் பார்க்க வேண்டியதாயிற்று. மிளகாய்க் காரத்தில் இரண்டு பேருக்கும் தும்மல் வந்தது.

மில் நின்றதும் அவள் எழுந்துபோய் ஒரு தையல் நூலைக் கொண்டுவந்தாள்.

"இத அங்க பிடிங்க, கம்பி ஆரம்பிக்கிற எடத்துல."

நெக்கின் தலைப்பக்கத்தில், கம்பிகள் படிந்து வருகிற வெள்ளைக் கட்டையில் அவர் நூலின் நுனியைப் பிடித்தார். அவள் அதைப் பன்னிரண்டாம் கட்டம் வரை இழுத்து, அங்கே அறுத்தாள்.

"இதுதான் பாதி. கம்பியோட மீதிப் பாதி எவ்வளவு இருக்கணும்?"

"இதே நீளம்."

"வச்சுப் பாருங்க."

அவர் அதே நூலைப் பன்னிரண்டாம் கட்டத்திலிருந்து கீழே நீட்டிப் பிடித்தார். நூல் பிக்கப்பைத் தாண்டியது, பிரிட்ஜையும் தாண்டியது, ஒன்றேகால் அங்குலம் தள்ளி வெறும் மரத்தில் போய் முடிந்தது. அங்கே ஒன்றுமில்லை.

அவர் இன்னொரு தடவை வைத்துப் பார்த்தார். நூல் அங்கேதான் முடிந்தது.

"அப்ப நெக்கு நீளந்தான்."

"இல்ல. அது அதோட அளவுல சரியா இருக்கு."

"பிரிட்ஜ் தப்பா?"

"பிரிட்ஜும் நல்ல பிரிட்ஜ்தான்."

"ஓட்டை அங்கதான மாஸ்டர் இருந்துச்சு."

"அது பழைய நெக்குக்குப் போட்ட ஓட்டை அண்ணாச்சி. இதுக்கு இன்னும் யாரும் போடல."

ஆசீர்வாதம் நூலை விரலில் சுற்றினார், அவிழ்த்தார், திரும்பச் சுற்றினார்.

"நேத்தே சொல்லியிருக்கலாமே."

"நேத்துச் சொன்னா கேட்டிருப்பீங்களா?"

முப்பத்திரண்டு வருஷம் ஃபிட்டராக இருந்தவருக்கு அதற்குப் பதில் தெரியும். நூலை மேஜை மேல் வைத்தார்.

வியாழக்கிழமை அவர் பிரிட்ஜைக் கழற்றினார். ஜெசிந்தா நூல் முடிந்த இடத்தைப் பென்சிலால் குறித்து, ட்ரில்லை அவர் கையில் கொடுத்தாள். அவர் அதைக் குறிமேல் வைத்தார், எடுத்தார். மறுபடி வைத்தார். எத்தனையோ பேரை எதற்காகத் திட்டினாரோ அதைத்தான் இப்போது தன் கையால் செய்ய வேண்டும். தன் கிட்டாரில், நல்ல மரத்தில். அவள் உதவிக்கு வரவில்லை. ஜன்னலைத் துடைத்துக்கொண்டிருந்தாள், அது ஏற்கெனவே சுத்தமாக இருந்தது.

கடைசியில் அழுத்தினார். மரத்தூள் சுருள் சுருளாக வெளியே வந்தது. ஒன்று, இரண்டு, மூன்று, நாலு.

"பழைய ஓட்டைய என்ன செய்ய?"

"அடைச்சிருங்க. திறந்து கெடந்தா தண்ணி இறங்கும்."

"எத வச்சு?"

அவள் மூலையில் கிடந்த ஒடிந்த நெக்கைக் காட்டினாள். "அதுல குச்சி செதுக்குங்க."

அவர் அன்று முழுக்கச் செதுக்கினார். நாலு சின்னக் குச்சிகளுக்கு அவ்வளவு நேரம் ஆகாது. ஆனால் அந்த நெக்கில் இருபத்தைந்து வருஷமாகத் தன் பெருவிரல் தேய்த்த இடம் வழவழவென்று இருந்தது. அவர் அந்த இடத்திலிருந்துதான் எடுத்தார். பசை தொட்டு, நாலு துளைகளிலும் இறக்கி, காய்ந்ததும் உப்புத்தாள் போட்டுத் தேய்த்தார். மேடு பள்ளம் இல்லாமல் சமமாகிவிட்டது. ஆனால் உடல் வெளிறிய மரம், குச்சி கறுத்த மரம். நாலு புள்ளிகளும் பளிச்சென்று தெரிந்தன.

"பெயிண்ட் அடிச்சிரலாமா மாஸ்டர்?"

"எதுக்கு?"

யோசித்துப் பார்த்தார். காரணம் ஒன்றும் அகப்படவில்லை. பெயிண்ட் டப்பாவை இருந்த இடத்திலேயே விட்டுவிட்டார்.

வெள்ளிக்கிழமை கம்பி மாட்டினார். மில் நிற்கும் வரை காத்திருந்து, பன்னிரண்டாம் கட்டத்தில் விரல் வைத்துச் சுண்டினார். சுத்தமாக இருந்தது. அங்கிருந்து ஒவ்வொரு கட்டமாக இறங்கி வந்தார். எங்கேயும் உறுத்தல் இல்லை. பழைய கிட்டாரின் சத்தமும் அல்ல, வெள்ளத்தில் போன கிட்டாரின் சத்தத்தை அவர் கேட்டதே இல்லை. இது வேறு ஒரு சத்தம். அவருக்கு அது பழக இன்னும் கொஞ்ச நாள் ஆகும். பிடிக்காமல் இல்லை.

கிட்டாரை உறையில் போட எடுத்தவர் போடாமல் நின்றார்.

"நாளைக்கு வரமாட்டேன் மாஸ்டர்."

"சரி."

"வீட்டுல பீரோவ ஒதுக்கணும். ஞாயித்துக்கிழம காலைல நாசரேத்துக்குப் போகணும்."

"சரி அண்ணாச்சி."

அவர் அப்போதும் போகவில்லை. வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு, அவளைப் பார்க்காமல், பஞ்சர் கடைப் பக்கம் பார்த்தபடி சொன்னார்.

"ஞானப்பூ சேலையெல்லாம் இருக்கு. சலோமிக்கு எடம் வேணும், அது எனக்கு வெளங்குது. ஆனா அதத் தூரப் போட மனசு வரமாட்டேங்குது மாஸ்டர். நான் என்ன செய்ய?"

ஜெசிந்தா கிட்டாரை அவர் கையிலிருந்து வாங்கித் தன் மடியில் வைத்தாள். அந்த நாலு கறுத்த புள்ளிகளின் மேல் பெருவிரலை மெதுவாக ஓட்டினாள்.

"இதத் தூரவா போட்டோம்?"