மூன்றாம் மாடிக்கு எட்டாத தொட்டி

இதில் ஒரு வார்த்தைகூட என் சரக்கு இல்லை. எல்லாம் பூங்கா வாட்ச்மேன் கஜபதி அண்ணன் சொன்னது.

எங்கள் வீடு தரைத்தளம். போன ஐப்பசியில் தண்ணீர் கட்டிலைத் தொட்டது. அப்போது மகள் வயிற்றில் இருந்தாள். இப்போது அவளுக்கு ஏழு மாதம். இன்று ரெட் அலர்ட் என்று காலையிலேயே டிவியில் சொல்லிவிட்டார்கள். அவளை இடுப்பில் தூக்கிக்கொண்டு எதிர்ப் பூங்காவுக்கு ஓடினேன். தெருவில் ஓடும் மழைநீரைப் பிடித்து வைக்க அங்கே புதிதாக நிலத்தடித் தொட்டி கட்டியிருக்கிறார்கள்.

"அண்ணே, தொட்டி தாங்குமா?"

"என்னம்மா இப்படிக் கேட்டுட்ட! ஆடி மாசம் பேஞ்சுதே ஒரு மழை, ஞாபகம் இருக்கா?"

"இல்லையே."

"எப்படி இருக்கும்? ஒரு சொட்டு தரையில விழல. வர்றப்பவே தொட்டி எட்டிக் குடிச்சிடுச்சு."

பெஞ்சில் மூச்சு வாங்கிக்கொண்டிருந்த எங்கள் மூன்றாம் மாடி ஜுலைகா அக்கா விடவில்லை. "அன்னிக்கு நான் காயப்போட்ட துணியெல்லாம் நனைஞ்சுதேப்பா?"

"மூணாவது மாடியாச்சேக்கா! அவ்ளோ உயரம் அதுக்கு எட்டாது."

"சரி, குடிச்ச தண்ணி எங்க?"

"புல்லுக்கு விட்டேன். ரெண்டே நிமிஷம். மறுநாள் மீனம்பாக்கத்துல எறங்க வந்த ப்ளைட்டு புல்லுல சிக்கிடுச்சு. நான்தான் அரிவாளால அறுத்து அனுப்பி வெச்சேன். பைலட்டு கையெடுத்துக் கும்பிட்டான்."

"பேப்பர்ல வரலையே?"

"நிருபர் வந்தாருக்கா. புல்லுக்குள்ள போனவரு இன்னும் வெளிய வரல."

சுற்றிப் பார்த்தேன். வெறும் மண்ணில் ஒரு ஆடு ஏமாந்து நின்றது.

"அதை விடு. போன வாரம் மூடியத் தெறந்து வெச்சிட்டு டீ குடிக்கப் போயிட்டேன். வந்து பாத்தா, மெரினாவுல கடல் ரெண்டு கிலோமீட்டர் பின்னால போயிருக்கு! சுண்டல் விக்கிறவன் கப்பலுக்கு நடந்தே போய் வித்துட்டு வந்தான். நான் மட்டும் மூடி மேல ஏறி உக்காரலன்னா, இலங்கைக்கு ஷேர் ஆட்டோ விட்டிருப்பாங்க."

மகள் நெற்றியில் ஒரு சொட்டு விழுந்தது. தொட்டி எட்டிக் குடிக்கவில்லை. அவள் வீறிட்டாள். கஜபதி அண்ணன் குடையை விரித்தார்.

"அண்ணே, கேட்டுக்குள்ள நிக்குமே உங்க ஸ்கூட்டர், எங்க?"

முதல்முறையாக அவர் குரல் இறங்கியது. "காலையிலேயே மேம்பாலத்து மேல ஏத்திட்டேன்."

ஜுலைகா அக்கா சிரித்துவிட்டார். கஜபதி அண்ணன் உடனே நிமிர்ந்தார். "பயந்துன்னு நெனைக்காதீங்க! தொட்டி பசியில இருக்கு. வண்டியையும் குடிச்சிட்டா?"

"என் பிள்ளையையும் குடிச்சிடும் அண்ணே," என்றேன். "மூணாவது மாடி அதுக்கு எட்டாதுன்னு நீங்கதானே சொன்னீங்க? அக்கா, உங்க வீட்டுச் சாவியைக் குடுங்க."